ஒலிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்பித்தல்



வாசிப்புக் கற்பித்தலில் வந்துள்ள புதிய உத்திகளை உடன் பணியாற்றும் ஆசிரியர்களுக்கு எவ்வாறு அறிமுகப்படுத்துவது என்பது குறித்துப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளார்கள். நான் பள்ளி வகுப்பறையில் நாள்தோறும் நின்றவன் அல்லேன். தமிழ் மொழியியலில் ஆய்வு செய்து, பின்னர் ஆசிரியர்களோடு நெடுங்காலம் பழகியவன். ஆகவே, உங்களுக்குத் தெரிந்ததை உங்களுக்கே எடுத்துரைக்கும் குற்றம் என் பேச்சில் ஆங்காங்கே நேரக்கூடும். பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

முதலில் ஒரு சிறு பயிற்சி. உங்கள் கையிலுள்ள தாளின் முதற்பக்கத்தில் இரண்டு தொடர்கள் உள்ளன. "பொலுவன் நெறுகியை மெல்லத் தசுப்பினான். அதனால் நெறுகி குமுத்தது." இனி வினாக்கள். நெறுகியைத் தசுப்பியவர் யார்? பொலுவன் என்று பலர் உடனே சொல்கிறீர்கள். பொலுவன் எதைத் தசுப்பினான்? நெறுகியை. எவ்வாறு தசுப்பினான்? மெல்ல. நெறுகி ஏன் குமுத்தது? பொலுவன் அதைத் தசுப்பியதால். நான்கு வினாக்களுக்கும் சரியான விடை. கருத்தறிதல் தாளில் இவ்விடைகளுக்கு மதிப்பெண் குறைக்க எவராலும் இயலாது. ஆயினும் நெறுகி என்பது விலங்கா, பாத்திரமா? தசுப்புதல் நன்மையா, தீமையா? உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இச்சொற்களை நேற்றிரவு நானே புனைந்தேன்.

இப்பயிற்சி சொல்லும் முதற்செய்தி வெளிப்படையானது. பொருள் சிறிதும் விளங்காமலேயே கருத்தறிதல் வினாக்களுக்கு விடையெழுத முடியும். இதை ஆசிரியர்கள் எல்லாரும் அறிவார்கள். இரண்டாவது செய்தியை நானே பல ஆண்டுகள் கவனிக்கத் தவறினேன். பொருளே இல்லாத தொடர்களில் நீங்கள் எதைப் பற்றிக்கொண்டு விடை கண்டீர்கள்? 'ஐ' உருபு, செய்யப்பட்டது நெறுகி என்று காட்டிற்று. 'ஆன்' விகுதி, செய்தவன் ஆண்மகன் என்றது. 'இன்' இடைநிலை, செயல் முடிந்துவிட்டது என்றது. சொற்களின் தலை தெரியாதபோதும் வால்களைக் கொண்டு வாசித்தீர்கள். நம் பிள்ளைகளில் பலருடைய நிலைமை இதற்கு நேர்மாறானது. அவர்களுக்குத் தலை தெரிகிறது, வால் தெரிவதில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தொடக்கப்பள்ளியில் நான்காம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு பத்தியை வாய்விட்டு வாசிக்கக் கேட்டேன். ழகரம் பிறழவில்லை. நிறுத்தற்குறி கண்ட இடத்தில் நின்றாள். குரலில் ஏற்ற இறக்கமும் இருந்தது. அப்பத்தியில் ஒரு தொடர்: "மழை பெய்துகொண்டிருந்ததால் பாட்டியால் சந்தைக்குப் போக முடியவில்லை." வாசித்து முடித்ததும், "பாட்டி எங்கம்மா போனாங்க?" என்று கேட்டேன். "சந்தைக்கு" என்றாள். "மழையில நனைஞ்சிருப்பாங்களே?" என்றேன். சற்றே யோசித்து, "குடை எடுத்துட்டுப் போயிருப்பாங்க" என்றாள்.

அவ்விடையில் அறிவுக்கூர்மை இருக்கிறது. பாட்டியின் மீது பரிவும் இருக்கிறது. வாசிப்பு மட்டும் இல்லை. நான் அதே தொடரை, "மழ பெஞ்சிக்கிட்டே இருந்துச்சும்மா, அதனால பாட்டியால சந்தைக்குப் போக முடியல" என்று சொன்னேன். "ஓ! பாட்டி போகவே இல்லையா?" என்று அவள் கேட்ட வியப்பு இன்னும் என் காதில் இருக்கிறது. 'முடியல' அவளுக்குத் தெரியும். 'முடியவில்லை' என்று எழுதினால் தெரியவில்லை. இரண்டும் ஒன்றே என்று அந்நாள்வரை அவளுக்கு எவரும் சொல்லவில்லை. வகுப்பில் நன்றாக வாசிப்பவள் என்று பெயர் பெற்றவள் அவள். அவளுடைய ஆசிரியர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அப்படித்தான் மதிப்பிட்டிருப்பேன்.

1986இல் கஃப், டன்மர் என்னும் ஆய்வாளர் இருவர் வாசிப்பை ஒரு பெருக்கற்கணக்காக எழுதிக் காட்டினர். எழுத்தை ஒலியாக்கும் திறன் ஒன்று. அம்மொழியைக் கேட்டால் பொருள்கொள்ளும் திறன் மற்றொன்று. இவ்விரண்டையும் பெருக்கினால் கிடைப்பது வாசிப்பு என்றனர். கூட்டல் என்னாமல் பெருக்கல் என்றதில்தான் நுட்பம் உள்ளது. ஒன்று சுழியமானால் மற்றொன்று எவ்வளவு பெரிதாக இருந்தாலும் விடை சுழியமே.

தமிழில் இக்கணக்கு ஒரு தனிவகையில் நம்மை ஏமாற்றுகிறது. 247 எழுத்துகள் என்று கேட்டு அஞ்சினாலும், உயிரும் மெய்யும் குறியீடுகளும் கைவந்த பிள்ளைக்குத் தமிழ் எழுத்து நேர்மையானது. ககரமும் சகரமும் இடம் நோக்கி ஒலி மாறும். அதையும் பிள்ளைகள் காதால் பிடித்துவிடுவார்கள். ஆங்கிலத்தில் பொருள் தெரியாத சொல்லைப் பிள்ளை பெரும்பாலும் தவறாக ஒலித்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். தமிழில் பொருள் தெரியாத சொல்லையும் திருத்தமாக ஒலித்துவிடலாம். நம் எழுத்துமுறையின் சிறப்பே நம் மாணவரின் குறையை மறைத்துவிடுகிறது. வாய்மொழித் தேர்வில் வாய்விட்டு வாசித்தலுக்கு மதிப்பெண் உண்டு என்பதால் நாமும் அவ்வொலியைக் கேட்டு நிறைவு கொள்கிறோம்.

இனி உத்திகளுக்கு வருகிறேன். புதியவை என்று பெயர் பெற்றவை பல. அவற்றுள் தமிழ் வாசிப்புக்கு இன்றியமையாதவை என்று நான் கருதுவனவற்றையே எடுத்துக்கொள்கிறேன்.

மேற்சொன்ன மாணவிக்கு நான் செய்ததே முதல் உத்தி. எழுத்துத்தமிழில் வாசித்த தொடரைப் பேச்சுத்தமிழில் மாற்றிச் சொல்லச் செய்வது. "இதை வீட்டுல உன் தம்பிகிட்ட எப்படிச் சொல்லுவே?" என்று கேட்டாற் போதும். சொல்ல முடிந்தால் பொருள் விளங்கிற்று. முடியாவிட்டால் எங்கே அறுந்தது என்பது நமக்கு விளங்கும். கற்பித்தலும் மதிப்பீடும் ஒருங்கே நடந்துவிடுகின்றன.

ஒரே மொழிச் சமூகத்தில் இரண்டு வழக்குகள் தனித்தனிப் பணிகளுக்கு நிற்பதைச் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்ட்டிய மொழி ஆகியவற்றை வைத்து விளக்கினார். அவர் விளக்கத்தைப் படிக்கும் தமிழர் எவரும் தம் வீட்டைப் பற்றி எழுதியது போல் உணர்வர். சிங்கப்பூரில் 2005ஆம் ஆண்டின் தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு, பேச்சுத்தமிழுக்கு வகுப்பறையில் முறையான இடம் தந்தது. அது துணிவான முடிவு. ஆயினும் பேச்சுப் பாடத்தில் நுழைந்த அளவுக்கு வாசிப்புப் பாடத்தில் பேச்சுத்தமிழ் நுழையவில்லை என்பது என் கணிப்பு. வாசிப்பு தொடங்கியதும் நம்மில் பலர் குரலை மாற்றிக்கொள்கிறோம்; பிள்ளைகளும் மாற்றிக்கொள்கிறார்கள்; பொருள் வாயிலிலேயே நின்றுவிடுகிறது.

இவ்வாறு செய்தால் எழுத்துத்தமிழ் கெட்டுவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. எழுத்துத்தமிழ்த் தொடர் கண்முன்னே அச்சில் இருந்துகொண்டே இருக்கிறது. பேச்சுத்தமிழ் அதற்கு ஏறும் படி. ஆனால் ஓர் எச்சரிக்கை: ஒவ்வொரு தொடருக்கும் இதைச் செய்தால் வகுப்பு மொழிபெயர்ப்புக் கூடமாகிவிடும். ஒரு பத்திக்கு இரண்டு தொடர், அதுவும் பொருள் திரும்பும் இடத்தில் உள்ளவை, போதும்.

இன்னொரு கடினமான உண்மையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இந்நாட்டு இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் மிகுதியாகப் பேசுவது ஆங்கிலம். அவ்வில்லங்களிலிருந்து வரும் பிள்ளைக்கு 'முடியல' என்பதும் புதிய சொல்லே. அவர்களிடம் மாற்றிச் சொல்லும் உத்தி பலிக்காது. மாற்றுவதற்கு மறுகரை இல்லை. அவர்களுக்கு வாசிப்பதற்கு முன்னர்ப் பேச்சு வேண்டும். படத்தைக் காட்டிப் பேசுதல், கதையை வாயால் கேட்டல், பின்னர் ஒரே பெரிய புத்தகத்தை வகுப்பே கூடி வாசித்தல். நியூசிலாந்தின் டான் ஹோல்டவே 1979இல் நூலாக எழுதிய பகிர்ந்து வாசிக்கும் முறை இதுதான். இந்நாட்டு ஆங்கில வகுப்புகள் 1980களின் நடுப்பகுதியிலேயே இதை எடுத்துக்கொண்டன. அடுத்த அறையில் நடந்தது நம் அறைக்கு வர ஏன் இத்தனை காலமாயிற்று என்பதை வேறொரு நாள் பேசலாம். அத்தகைய பிள்ளை பொருளை ஓர் ஆங்கிலச் சொல்லால் சொன்னால் நான் தடுப்பதில்லை. புரிந்தது என்பதற்கு அது சான்று. அச்சொல்லுக்குரிய தமிழை உடனே கொடுத்து, அவ்வாக்கியத்தைத் தமிழில் மீண்டும் சொல்லச் செய்வேன். இதில் என்னோடு உடன்படாதோர் இவ்வவையில் இருப்பீர்கள்.

இரண்டாவது உத்தியில் சற்று நின்று பேச விரும்புகிறேன். இதைத்தான் நான் 'வாலைப் பார்' என்று சொல்வது வழக்கம்.

சொல்லின் பொருட்கூறுகளைப் பிரித்தறியும் விழிப்புணர்வு வாசிப்பை வளர்க்கிறது என்று வாசிப்பு ஆய்வாளர்கள் அண்மைப் பத்தாண்டுகளில் மிகுதியாக எழுதி வருகின்றனர். நமக்கு இது புதிதன்று. பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறு உறுப்புகளை நன்னூலின் பதவியல் வகுத்துத் தந்திருக்கிறது. ஆனால் அதை என்ன செய்தோம்? 'பகுபத உறுப்பிலக்கணம் தருக' என்று தேர்வில் கேட்டு, பிரித்தெழுதியவர்க்கு மதிப்பெண் அளித்து, நிலைப்பேழையில் வைத்துப் பூட்டிவிட்டோம். எட்டு வயதுப் பிள்ளை பத்து எழுத்துச் சொல்லைக் கண்டு மலைக்கும்போது அதன் கையில் கொடுக்க வேண்டிய கருவி அது. பெயர்கள் வேண்டா, 'இடைநிலை' என்று சொல்லி எட்டு வயதுப் பிள்ளையை அச்சுறுத்த வேண்டா. செயலே போதும்.

எடுத்துக்காட்டாக, 'படிக்காதவர்களுக்கும்' என்னும் சொல். கரும்பலகையில் ஏணிபோல் எழுதுவேன். படி. அதன்கீழ், படிக்காத. அதன்கீழ், படிக்காதவர்கள். பிறகு, படிக்காதவர்களுக்கு. கடைசியில், படிக்காதவர்களுக்கும். ஒவ்வொரு படியிலும் ஒரே வினா: "இப்ப என்ன மாறிச்சு?" இரண்டாம் படியில் 'இல்லை' என்னும் பொருள் வந்து நுழைந்தது. மூன்றில் ஆட்கள் வந்தனர், அதுவும் பலர். நான்கில் அவர்களுக்கு ஏதோ கொடுக்கப்போகிறோம். ஐந்தில், வேறு யாருக்கோ ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, இவர்களுக்கும் உண்டு. கடைசி 'உம்'மைக் காட்டி, "அப்ப, வேற யாருக்கு?" என்று கேட்டால், "படிச்சவங்களுக்கு!" என்று வகுப்பே விடை சொல்லும். ஓர் இடைச்சொல் ஒரு கூட்டத்தையே அழைத்து வந்துவிடுகிறது. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

வாலைப் பார்க்கும் பழக்கம் சொல்லோடு நிற்பதில்லை. தொடருக்கும் அது வேண்டும். "பாம்பைக் கண்ட நாயை விரட்டினான்." இதை ஆங்கிலம் மிகுதியாக வாசித்துப் பழகிய பிள்ளையிடம் கொடுத்துப் படம் வரையச் சொல்லுங்கள். பாம்பு நாயைத் துரத்தும் படம் வரக்கூடும். நாய் பாம்பைத் துரத்தும் படமும் வரக்கூடும். முதலில் நிற்பதே செய்வோன் என்று ஆங்கிலம் அதற்குக் கற்பித்திருக்கிறது. தமிழில் முதலில் நின்றது பாம்பு, கண்டது நாய், விரட்டியவனோ தொடரில் பெயராக எங்குமே இல்லை. 'விரட்டினான்' என்பதன் கடைசி எழுத்துகளில் ஒளிந்திருக்கிறான். எனவே தொடர் முடிந்ததும் கண் ஒருமுறை வினைமுற்றின் விகுதிக்குச் சென்று, "யாரு?" என்று கேட்டுத் திரும்ப வேண்டும். வளர்ந்த வாசகர் இதை அறியாமலே செய்கிறார்; பிள்ளைக்கு அறிந்து செய்யக் கற்பிக்க வேண்டும். மேற்சொன்ன மாணவிக்கு எட்டாமற்போனதும் ஒரு வாலே.

புணர்ச்சியும் இவ்வகையில் சேரும். கடலையும் கரையையும் தனித்தனியே அறிந்த பிள்ளை 'கடற்கரை'யில் கடலைக் காண்பதில்லை. லகரம் றகரமாகிக் கடல் முகமூடி அணிந்துவிட்டது. முள் 'முட்செடி'யில் மறைகிறது. பொன் 'பொற்காசி'ல் மறைகிறது. "இந்தச் சொல்லுக்குள்ள யாரு ஒளிஞ்சிருக்காங்க?" என்னும் விளையாட்டாக நடத்திய ஆசிரியர் ஒருவரைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் உணவுக்கடைப் பெயர்ப்பலகையில்கூட ஒளிந்திருப்பவரைத் தேடத் தொடங்கிவிட்டார்கள்.

மூன்றாவது, உரக்கச் சிந்தித்தல். அமெரிக்காவில் டொலோரஸ் டர்க்கின் என்பவர் வகுப்பறைகளில் உட்கார்ந்து, வாசிப்புப் பாடவேளைகளில் என்ன நடக்கிறதென்று நிமிடக் கணக்காகக் குறித்தார். 1978-79இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, பொருள்கொள்வது எப்படி என்று கற்பிப்பதற்குச் செலவான நேரம் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. வினாக் கேட்டல், விடை திருத்தல், பயிற்சித்தாள் இவையே நேரத்தை நிரப்பின. அதாவது பொருள்கோடல் சோதிக்கப்பட்டது; கற்பிக்கப்படவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. நம் வகுப்பில் கடிகாரத்தோடு உட்கார்ந்தால் என்ன தெரியவரும் என்று நான் சொல்லப்போவதில்லை; நீங்களே ஒருநாள் குறித்துப் பாருங்கள்.

உரக்கச் சிந்தித்தல் என்பது, நல்ல வாசகரின் மனத்துள் நடப்பதை ஆசிரியர் வாயால் கேட்கச் செய்வது. ஒரு தொடரை எடுத்துக்கொள்வோம்: "வாசலில் கிடந்த காலணிகளைக் கண்டதும் மீனா மகிழ்ச்சியோடு உள்ளே ஓடினாள்." ஆசிரியர் வாசித்து, நிறுத்தி, தமக்குத்தாமே பேசுவது போல் பேசுகிறார்: "வாசல்ல செருப்பு கிடக்குதுன்னு போட்டிருக்கு. யாரோட செருப்புன்னு சொல்லல. எங்க வீட்டு வாசல்ல புதுச் செருப்பு கிடந்தா யாரோ வந்திருக்காங்கன்னு அர்த்தம். மீனா சந்தோஷமா ஓடுறா. அப்ப, வந்தவங்க அவளுக்குப் பிடிச்சவங்களாத்தான் இருக்கணும். யாருன்னு அடுத்த வரியில பார்ப்போம்." அடுக்குமாடி வீட்டில் வாழும் பிள்ளைக்கு வாசற்செருப்பின் பொருள் நன்கு தெரியும். ஆனால் வீட்டில் தெரிந்ததை வாசிக்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்னும் இசைவு இதுவரை அதற்குக் கிடைத்ததில்லை. "விடை பத்தியிலேயே இருக்கிறது, தேடு" என்று நாம்தானே சொல்லி வளர்த்தோம்!

பாலின்சார், பிரவுன் இருவரும் 1984இல் வெளியிட்ட மாறிமாறிக் கற்பித்தல் முறையை உங்களுள் பலர் அறிவீர்கள். முன்னுணர்தல், வினா எழுப்புதல், ஐயம் தெளிதல், சுருக்கிச் சொல்லல் என்னும் நான்கையும் மாணவரே முறைவைத்துச் செய்வது. நல்ல முறை. ஆனால் நான்கு அட்டைகளை வெட்டிக் குழுவுக்குக் கொடுத்துவிட்டு ஆசிரியர் ஒதுங்கிக்கொண்டால் அது சடங்காகிவிடும். அப்படி ஆனதையும் பார்த்திருக்கிறேன். ஆசிரியர் முதலில் பலமுறை செய்துகாட்டிய பின்னரே அட்டை. மாணவர் மாணவர்க்குக் கற்பிப்பது மேலைநாட்டுப் புதுமை என்று எண்ணுவோர்க்கு ஒரு செய்தி: 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஓர் ஆதரவற்றோர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்த முறையை 1797இல் நூலாக எழுதினார். இங்கிலாந்தில் அதற்குச் 'சென்னை முறை' என்றே பெயர். நம் திண்ணைப்பள்ளிகளில் சட்டாம்பிள்ளை அப்போதே இருந்தார்.

உத்திகள் இருக்கட்டும். அவற்றை மற்ற ஆசிரியரிடம் கொண்டுசேர்ப்பதில் நான் தோற்ற கதையைச் சொல்ல வேண்டும்.

ஒருமுறை ஒருநாள் பயிலரங்கு ஒன்றை நடத்தினேன். ஆறு மணி நேரம், ஒன்பது உத்திகள், வண்ணத்தாள்கள், கோப்பு. இறுதியில் நிரப்பிக் கொடுத்த கருத்துப் படிவங்களில் 'மிக நன்று' என்றே இருந்தது. மகிழ்ந்து வீடு திரும்பினேன். அடுத்த தவணையில், அதில் கலந்துகொண்ட ஆசிரியர் ஒருவரின் பள்ளிக்கு வேறு பணியாகச் சென்றபோது, அக்கோப்பு அலமாரியில் கட்டு அவிழாமல் இருக்கக் கண்டேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய ஆசிரியை அவர். என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, "ஐயா, நீங்க சொன்னதெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. திங்கட்கிழமை காலையில எதை முதல்ல செய்றதுன்னுதான் தெரியல" என்றார். அவர்மீது குறையில்லை. ஒன்பது வழிகளைக் காட்டியவன் ஒரு வழியிலும் உடன் நடக்கவில்லை.

அதன்பின் முறையை மாற்றினேன். உத்தியைச் சொல்வதற்கு முன், பழைய நிலப்பத்திரம் ஒன்றின் படியை ஆசிரியர்களிடம் கொடுத்தேன். வடசொல்லும் பாரசீகச் சொல்லும் கலந்து, முற்றுப்புள்ளியே இல்லாமல், ஒரு பக்கம் முழுதும் ஒரே தொடராக ஓடும் பத்திரம். ஒருவரை வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். தடுமாற்றமின்றி வாசித்தார். "யார் யாருக்கு எதை விற்றார்?" என்று கேட்டேன். அமைதி. பின்னர் ஒருவர், "விற்றது போலத் தெரியவில்லை, அடமானமோ?" என்றார். இன்னொருவர் கடைசி வரிக்குப் போய் வினைமுற்றைத் தேடினார். ஒருவர் நீண்ட சொல்லொன்றைப் பென்சிலால் வெட்டினார். மற்றொருவர் பக்கத்திலிருந்தவரிடம் தம் பேச்சில் சொல்லிப் பார்த்தார். கால்மணி நேரத்தில் பத்திரம் விளங்கிவிட்டது. "இப்போது நீங்கள் என்னென்ன செய்தீர்கள்?" என்று கேட்டுப் பலகையில் எழுதினேன். நான் ஆறு மணி நேரம் விரிவுரையாற்றிய உத்திகளில் முதன்மையானவை அப்பட்டியலில் இருந்தன. அவர்கள் வாயிலிருந்தே வந்திருந்தன. வாசித்தும் விளங்காத நிலையில் பிள்ளை எப்படி உட்கார்ந்திருக்கும் என்பதும் அவர்களுக்கு அன்று தெரிந்துபோயிற்று.

அடுத்தபடி வகுப்பறை. செய்துகாட்டலும் பயிற்சியும் இருந்தாலும், உடன் பணியாற்றுவோர் வகுப்பிலேயே துணைநிற்காவிட்டால் புதிய முறை வகுப்பறைக்குள் வேரூன்றாது என்று ஜாய்ஸ், ஷவர்ஸ் என்போர் 1980களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டனர். நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மூன்று ஆசிரியர்கள், ஒரு தவணைக்கு ஓர் உத்தி, ஒரே பத்தி. முதல் பாடத்தை உத்தியை அறிமுகப்படுத்துபவரே நடத்த வேண்டும். மற்ற இருவரும் பின்னால் உட்கார்ந்து, ஆளுக்கு இரண்டு பிள்ளைகளைக் கவனிக்க வேண்டும். ஆசிரியரைக் கவனித்துக் குறிப்பெடுக்கக் கூடாது என்பது கண்டிப்பான விதி. ஜப்பானியர் நெடுங்காலமாகச் செய்துவரும் பாட ஆய்வின் உயிர்நாடி இதுவே. நம் ஆசிரியர் பலர் வகுப்புக்குள் பிறரை விடத் தயங்குவது, பின்னால் உட்கார்பவர் தம்மை அளக்க வந்தவர் என்னும் பழைய அச்சத்தால்.

அவ்வாறு நான் நடத்திய முதல் பாடம் படுதோல்வி. உரக்கச் சிந்தித்தேன், பிள்ளைகள் இவருக்கு என்ன ஆயிற்று என்பது போல் பார்த்தார்கள். நான் சிந்தித்த தமிழ் மேடைத்தமிழ். மேடைத்தமிழில் எவர் மனமும் தனக்குத்தானே பேசிக்கொள்வதில்லை. பின்னாலிருந்த ஆசிரியை, அந்தக் கட்டு அவிழாத கோப்புக்கு உரியவர்தாம், எழுந்து வந்து, "ஐயா, நான் கொஞ்சம் பார்க்கட்டுமா?" என்று கேட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டார். அதே பத்தி, அவர் வாய்ப் பேச்சு. மூன்றாம் வரியில் ஒரு மாணவன் இடைமறித்து, "இல்ல டீச்சர், அவன் கோவமா இல்ல, பயந்துட்டான்" என்றான். வாசித்துக்கொண்டிருந்த பிள்ளை ஒன்று ஆசிரியரின் கருத்தை மறுத்ததை அப்பள்ளியில் அன்றுதான் கேட்டேன். அவருடைய கோப்பு அதற்குப் பிறகும் அலமாரியில்தான் இருந்தது. அதற்குத் தேவை ஏற்படவில்லை.

நேரம் எங்கே என்று கேட்பீர்கள். பாடநூல், தேர்வு, கட்டுரை, வாய்மொழிப் பயிற்சி இவற்றுக்கிடையே புதியதொன்றைச் செருக இடமில்லை என்பது உண்மை. நான் கேட்பது கூடுதல் நேரம் அன்று. ஒரு பத்திக்குப் பத்து வினாக்கள் கேட்கும் இடத்தில் நான்கு கேளுங்கள்; மிஞ்சும் நேரத்தில் இரண்டு தொடர்களை மாற்றிச் சொல்லச் செய்யுங்கள், ஒரு சொல்லுக்கு ஏணி கட்டுங்கள். முதல் தவணையில் மதிப்பெண் உயரும் என்று வாக்களிக்க மாட்டேன். சில பிள்ளைகள் முன்னைவிட மெதுவாக வாசிப்பார்கள். வாய்விட்டு வாசிக்கையில் நின்று யோசிப்பார்கள். தேர்வு நெருங்கும்போது அது உங்களுக்குக் கலக்கம் தரும், துறைத்தலைவர்க்கும் தரும். அதனால்தான் தேர்வு இல்லாத மூன்றாம் தவணையிலோ கீழ்வகுப்பிலோ தொடங்குவது நல்லது என்கிறேன்.

இப்போது தாளைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் அந்த நிலப்பத்திரத்தின் ஒரு பகுதி அச்சிடப்பட்டுள்ளது. மும்மூவராக அமருங்கள், ஒருவர் வாசியுங்கள், மற்ற இருவரும் அவர் கண் எங்கே நிற்கிறது, எங்கே பின்னோக்கிச் செல்கிறது என்று பாருங்கள். கால்மணி நேரத்திற்குப் பிறகு உங்கள் வினாக்களை எடுத்துக்கொள்கிறேன்.